கண்டமங்கலத்தில் இறங்கிய நாள்

கண்ணு,

இங்கே நான் சௌக்கியம், எருமை சௌக்கியம், பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுக்கு மட்டும் பல்வலி. நீயும் திண்டிவனத்தில் நன்றாகத்தான் இருப்பாய். கல்யாணம் நிச்சயமான பிள்ளைக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது. போன ஞாயிற்றுக்கிழமைதான் விழுப்புரம் வந்து என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போனாய், அதற்குள் இவ்வளவு கனமான கவர் எதற்கு என்று டிப்போவில் உன் கூட்டாளிகள் கேட்பார்கள். பணம் கேட்டு எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிடு, நம்பிவிடுவார்கள். நேரில் சொல்ல வேண்டியதுதான், ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். மூன்று மத்தியானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கங்கே அடித்திருப்பேன், பார்த்துப் படி.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்திருந்தபோது நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன். ஜெயந்தியின் அப்பா நல்ல மனுஷர், வில்லியனூர்க்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், குடும்பத்துக்கே பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ளவர், பேச்சுக்குப் பேச்சு சிரிக்கிறவர். நான் காபி கொண்டுவந்து வைக்கும்போது அவர் உன்னைக் கேட்டார்: "ஏன் தம்பி, உங்க நைனாவும் நம்ம பிரெஞ்சுப் பக்கத்து ஆளுதானே? அப்போ அவரு ஏன் நேஷனாலிட்டி எழுதிக் குடுக்காம வுட்டாரு?" நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எங்க நைனா பெரிய சோம்பேறிங்க. ஒரு பேப்பர குடுக்கறதுக்கு ஆறு மாசம் டைம் குடுத்தான் பிரெஞ்சுக்காரன். அவருக்கு அது பத்தல. அன்னிக்கு குடுத்திருந்தாருன்னா நான் இந்நேரம் பாரீஸுக்கும் விழுப்புரத்துக்கும் போய்க்கினு வந்துக்கினு இருந்திருப்பேன். இப்ப பாருங்க, பொண்டாட்டி முந்தானைய புடிச்சிக்கினு போவ வேண்டியதா இருக்குது" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயந்திகூட வாயை மூடிக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன்.

கண்ணு, நான் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் அப்பா சோம்பேறி இல்லை. அந்தப் பேப்பரை எழுதி, கையெழுத்துப் போட்டு, என் கையில் கொடுத்து அனுப்பினார். கொண்டுபோய்க் கொடுக்காமல் விட்டவள் நான். இருபத்திரண்டு வருஷமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அனந்தபுரத்தில் இருக்கும் உன் அக்காவுக்கும் தெரியாது. சொன்னால் நீ என்னோடு பேச மாட்டாய் என்ற பயம். நீ இன்னும் இரண்டு மாதத்தில் பிளேன் ஏறப் போகிறாய். கோபத்தோடு போய்விட்டால் அங்கிருந்து ஒரு கடுதாசி வருமோ வராதோ, எனக்கும் வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அந்த மனுஷனை இப்படி நினைத்துக்கொண்டு நீ கடல் தாண்டக் கூடாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படி.

நான் பிறந்தது கண்டமங்கலத்துக்குப் பக்கத்தில், இங்கிலீஷ்காரன் எல்லையில். வாழ்க்கைப்பட்டது அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி, பிரெஞ்சுக்காரன் எல்லையில். நடுவில் ஆறும் இல்லை மலையும் இல்லை, ஒரு வரப்புதான். எங்கள் மாடு இங்கிலீஷில் படுத்து பிரெஞ்சில் மேயும். கல்யாணத்துக்கு முந்தின வருஷம்தான் புதுச்சேரி மில்லில் வேலைநிறுத்தம் நடந்து துப்பாக்கியால் சுட்டார்கள். உன் அப்பா அந்த மில்லில்தான் ஃபிட்டராக இருந்தார். அதில் சாகாமல் தப்பித்து வந்த மாப்பிள்ளை என்றால் ஆயுசு கெட்டி என்று என் அப்பா ஒரே பேச்சில் பெண் கொடுத்துவிட்டார். சுட்ட பிறகு மில்லில் எட்டு மணி நேர வேலை என்று சட்டம் போட்டார்கள். இங்கிலீஷ் பக்கத்தில் அப்போது யாருக்கும் அப்படிக் கிடையாது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வரும் புருஷன் என்று என் அம்மா வீட்டில் எனக்கு ஏக மரியாதை.

எல்லையில் சுங்கச்சாவடி இருந்தது. பஸ்ஸோ மாட்டுவண்டியோ, அந்த இடம் வந்தால் எல்லோரும் இறங்க வேண்டும். மூட்டையைப் பிரித்துக் காட்டி, மறுபடி கட்டி, மறுபடி ஏற வேண்டும். என் கல்யாணச் சீர் போனபோது அந்த ஆள் அதிரசத்தைக்கூட உடைத்துப் பார்த்தான், உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்தானோ தெரியவில்லை. பிரெஞ்சுப் பக்கத்தில் துணி மலிவு. அதனால் பிறந்த வீட்டுக்குப் போகும் பெண்கள் எல்லோருமே புதுப்புடவையை உள்ளே கட்டி, பழசை மேலே கட்டிக்கொண்டு போவோம். எங்கள் ஊரில் இதைத் தப்பு என்றே யாரும் நினைத்ததில்லை, மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரி. ஒரு தடவை அங்கிருந்த வயசான சேவகர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, அம்மா வூட்டுக்கு போறச்சே குண்டா போற, திரும்பி வர்றச்சே எளச்சி வர்ற?" என்றார். "எங்கம்மா சோறே போடறதில்லீங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்த மாதம் என் அண்ணிக்கு இரண்டு புடவை போய்ச் சேர்ந்தது.

பிறகு யுத்தம் வந்தது. அதில் எங்களுக்கு ஒரு நல்லது நடந்தது, இரண்டு சர்க்காரும் பேசிக்கொண்டு சுங்கத்தை எடுத்துவிட்டார்கள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனமெல்லாம் மூட்டை முடிச்சோடு திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வந்து இறங்கியது அப்போதுதான். விழுப்புரம் ஸ்டேஷனில் ஒரு அம்மாள் ஆட்டுக்கல்லோடு இறங்கினதை உன் அப்பா பார்த்துவிட்டு வந்து சொன்னார். குண்டுக்குத் தப்பித்தாலும் மாவு அரைக்க வேண்டும் அல்லவா. சுதந்திரம் வந்த அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வரப்புக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் மிட்டாய் கொடுக்கிறான், இந்தப் பக்கம் உன் அப்பா வழக்கம்போல மில் சங்குக்கு ஓடுகிறார். நாம் இன்னும் பிரெஞ்சுக்காரனிடம்தான் இருந்தோம். ஒன்றிரண்டு வருஷத்தில் நம்ம சர்க்காரே சுங்கச்சாவடியை மறுபடி போட்டது. வெள்ளைக்காரன் போன பிறகுதான் என் அம்மா வீட்டுக்குப் போவது எனக்குப் பெரும் பேஜாராகிப் போனது. இதையெல்லாம் உன் பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு நடுவில்தான் உன் சித்தப்பா போனார். நீ பார்க்காத சித்தப்பா. உன் அப்பாவுக்கு ஒரே தம்பி, இருபத்திரண்டு வயசு, நல்ல உயரம், என்னை "அண்ணி" என்று கூப்பிட்டால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தால் சம்பளம், பென்ஷன் என்றார்கள். கப்பலேற்றி சைகோன் சண்டைக்கு அனுப்பினார்கள். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு தகரப்பெட்டி வந்தது. பெட்டியை நான்தான் திறந்தேன், உன் அப்பா பக்கத்தில் வர மாட்டேன் என்றுவிட்டார். ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு சவரக்கத்தி, நாங்கள் போட்ட கடுதாசிகள். அதில் மூன்று பிரிக்கவே இல்லை. அந்த மூன்றிலும் நான்தான் எழுதியிருந்தேன், மாமரம் காய்த்திருக்கிறது, சீக்கிரம் வா என்று. அந்தப் பெட்டியை மூடின கையால்தான், கண்ணு, நான் பின்னால் செய்ததெல்லாம் செய்தேன். இதை நியாயம் என்று சொல்ல வரவில்லை. எனக்குள் என்ன இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனபோது சுங்கமும் போனது. மில்லிலும் ஆளைக் குறைத்தார்கள். உன் அப்பாவுக்கு விழுப்புரத்தில் மல்லாட்டை எண்ணெய் மில்லில் ஃபிட்டர் வேலை கிடைத்தது, நாங்கள் இங்கே வந்தோம். இரண்டு வருஷம் கழித்து நீ பிறந்தாய். எனக்கு முப்பத்தைந்து வயசு. உனக்கும் உன் அக்காவுக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் நீ தும்மினால்கூட நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். டாக்டர் என்னைப் பார்த்தாலே, "புள்ள நல்லா இருக்குதும்மா, நீதான் மருந்து சாப்பிடணும்" என்பார்.

உனக்கு ஆறு வயசாகும்போது அந்த உத்தரவு வந்தது. பிரெஞ்சு எல்லையில் பிறந்தவர்கள் எல்லோரும் இனிமேல் இந்தியர்கள். பிரெஞ்சுக்காரனாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா எழுதிக் கொடுத்தால் சின்னப் பிள்ளைகளுக்கும் அது சேரும். வில்லியனூரிலும் புதுச்சேரியிலும் வீட்டுக்கு வீடு இதே பேச்சு. உன் அப்பா நாலு மாதம் யோசித்தார். அவருக்குப் பாரீஸ் ஆசையெல்லாம் கிடையாது. "எனக்கு இன்னாத்துக்கு? பையனுக்கு ஒரு வழியா இருக்கட்டும்" என்றார். ஐந்தாவது மாதம் குடலிறக்கத்துக்கு அவருக்கு ஆபரேஷன் செய்தார்கள், எழுந்து நடக்கக் கூடாது என்றுவிட்டார்கள். படுக்கையிலேயே உட்கார்ந்து பேப்பரை நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். வர முடியாதவர்கள் டாக்டர் சீட்டோடு ஆள் மூலம் அனுப்பலாம் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தார். சோம்பேறி செய்கிற வேலையா இது? கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது என்னிடம் கொடுத்து, "பத்தரமா எடுத்துக்கினு போ. புதுச்சேரி பிரெஞ்சு ஆபீஸுல குடுத்துட்டு ரசீது கேட்டு வாங்கிக்க" என்றார்.

நான் உன்னை டீச்சரம்மாவிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். பேப்பரை எங்கே வைத்திருந்தேன் தெரியுமா? இரண்டு புடவை கட்டி, நடுவில் செருகியிருந்தேன். பத்திரம் என்றால் எனக்குத் தெரிந்த பத்திரம் அதுதான். வளவனூர் தாண்டி, கண்டமங்கலம் எல்லையில் பழைய சுங்கச்சாவடிக் கொட்டகைக்குப் பக்கத்தில் யாரோ ஒரு கிழவர் இறங்குவதற்காக பஸ் நின்றது. நானும் இறங்கிவிட்டேன். சுங்கம் எடுத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. கொட்டகையில் ஓடுகூட இல்லை. ஆனால் அந்த இடத்தில் வண்டி நின்றால் இறங்க வேண்டும் என்று பதினாறு வயசிலிருந்து என் காலுக்குப் பழக்கம், தானாக இறங்கிவிட்டது. இறங்கி, கையிலிருந்த சோற்று மூட்டையைப் பிரிக்கக் கையை வைத்த பிறகுதான் புத்தி வந்தது. திரும்பிப் பார்த்தால் பஸ் போய்விட்டது. கண்டக்டர், நான் அந்த ஊர்க்காரி என்று நினைத்திருப்பான்.

அடுத்த பஸ் வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். அந்த அரை மணி நேரம் இல்லாமல் இருந்திருந்தால் நான் நேரே போய்க் கொடுத்துவிட்டு வந்திருப்பேன், அதை மட்டும் நீ நம்ப வேண்டும். எதிரில் ஒரு பள்ளிக்கூடம், மணியடித்து பிள்ளைகள் வெளியே ஓடி வந்தார்கள். எல்லாம் உன் வயசு, எல்லாம் அழுக்குச் சட்டை. வில்லியனூரில் ஒருவர் சொல்லியிருந்தார், பிரெஞ்சுப் பேப்பர் இருந்தால் பையன் வளர்ந்ததும் பட்டாளத்துக்குக் கூப்பிடுவான், போய்த்தான் ஆக வேண்டும் என்று. உன் அப்பா கேட்டுவிட்டு, "அதுக்கு இன்னும் பன்னெண்டு வருஷம் கெடக்குது" என்றார். எனக்குப் பன்னிரண்டு வருஷம் கண்ணுக்குத் தெரியவில்லை, தகரப்பெட்டிதான் தெரிந்தது. பஸ் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு பஸ் வந்தது. கண்டக்டர், "ஏம்மா, வர்றியா இல்லியா?" என்றான். "ஆளுக்காவ காத்துக்கினு இருக்கேன்" என்றேன். அப்புறம் எழுந்து, எதிர்ப்பக்கம் போய் நின்று, விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தேன். முதலில் இறங்கினது தவறி இறங்கினது. பிறகு ஏறாமல் இருந்தது வேண்டுமென்றே.

"குடுத்துட்டியா?" என்றார். "குடுத்துட்டேன்" என்றேன். "ரசீது?" என்றார். "வூட்டுக்கு அனுப்புவாங்களாம்" என்றேன். இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மறுநாள் காலையில் வெந்நீர் அடுப்பில் அந்தப் பேப்பரைப் போட்டேன். அவர் உடம்பு தேறி, மில்லுக்குப் போக ஆரம்பித்து, ரசீதும் வரவில்லை, பதிலும் வரவில்லை என்று ஆனதும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவரே புதுச்சேரிக்குப் போனார். அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடிப்பார், என் அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்வார், வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "நம்ம பேரு ஏறலியாம்" என்றார். முகம் கழுவிவிட்டு வந்து, "போவட்டும்" என்றார். கேப்பைக் கூழ் கேட்டார், குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். ஆபீஸில்தான் எங்கோ தவறிப்போயிருக்கும் என்று நம்பிவிட்டார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது உனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பேப்பரைக் கொடுக்காததற்காக நான் வருத்தப்பட்டதில்லை. வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் நீ சீக்கிரம் மன்னிப்பாய், ஆனால் அது இன்னொரு பொய்யாகிவிடும். நான் சந்தோஷமாகத்தான் வாழ்ந்திருக்கிறேன். நீ ஐ.டி.ஐ. முடித்ததைப் பார்த்தேன். திண்டிவனம் டிப்போவில் வேலை கிடைத்து, முதல் நாள் காக்கிச் சட்டையோடு வந்து, கிரீஸ் கையால் என் கன்னத்தைத் தொட்டாயே, அதைப் பார்த்தேன். வருஷா வருஷம் பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு என்னை ஏற்றிக்கொண்டு போய், பாதி வழியில் "போதும்மா, சாமி கீழேயும் இருப்பாரு" என்று நீ உட்கார்ந்துவிடுவாய், நான் ஏறிப் போய்விட்டு வருவேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்தில் பஸ் பிடித்து வர முடிகிறது. இருபத்தெட்டு வயசு வரை என் பிள்ளை என் கண்ணெதிரே இருந்தான். உனக்கு அது நஷ்டம் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது லாபம். நான் எடுத்துக்கொண்டது உன்னுடையதை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நான் செய்த தப்பு வேறு. எனக்குப் பயமாக இருக்கிறது என்று உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். கேட்கவில்லை என்றாலும் சண்டை போட்டு, நாலு நாள் பேசாமல் இருந்து, ஏதோ ஒரு முடிவுக்கு வந்திருப்போம். சொல்லாமல் நானே முடிவு செய்தேன், அவருக்கும் சேர்த்து, உனக்கும் சேர்த்து. நீ இந்த விஷயத்தில் என்னை மாதிரி இருக்காதே. அந்த ஊரில் உனக்குப் பாஷை தெரியாது, ரோடு தெரியாது, எல்லாவற்றுக்கும் ஜெயந்தியைத்தான் கேட்க வேண்டியிருக்கும். கேள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு போவதாகச் சொன்னாயே, நான் உன் அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் பதினேழு வருஷம் பிரெஞ்சுக்காரியாக இருந்தேன், எனக்கு ஒன்றும் தேய்ந்து போகவில்லை. ஆனால் பயமாக இருந்தால், வேலை பிடிக்கவில்லை என்றால், ஊருக்கு ஓடி வந்துவிடலாமா என்று தோன்றினால், அதை அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். எனக்கு அப்புறம் எழுதினால் போதும். குளிருக்குக் காதை மூடிக்கொள், உனக்குச் சின்ன வயசிலிருந்தே காதுதான் வீக்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. உனக்குப் பதினெட்டு வயசில் உன்னோடு படித்த பையன் ஒருவன் அவன் அப்பா பேப்பரை வைத்துப் பாரீஸ் போனான். அன்றிலிருந்து உனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆனது. நம்ம பெயர் ஏதாவது பழைய ரிஜிஸ்டரில் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று வாரத்துக்கு இரண்டு நாள் புதுச்சேரிக்கு ஓடினாய். அப்ரெண்டிஸ் வேலைக்கு மட்டம் போட்டாய். அங்கே ஆபீஸில் பாவம், தன்மையாகத்தான் சொல்லி அனுப்பினார்கள், நீதான் விடவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, வக்கீல் வைத்துத் தேடப் போவதாகச் சொன்னாய். வேலையை விட்டாலும் பரவாயில்லை என்றாய். உன் அப்பா சாப்பிட்டு முடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "தேடாதடா" என்றார். "ஏன்?" என்றாய். "தேடினா இருக்காது. நான் குடுக்கவே இல்ல" என்றார். நீ நிமிர்ந்து பார்த்தாய். "கையெழுத்து போட்டேன்னியே?" "போட்டேன். கொண்டு போயி குடுக்கல. இன்னிக்கு நாளைக்குன்னு இருந்துட்டேன். சோம்பேறித்தனம்னு வெச்சிக்க" என்றார்.

நீ பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து போனாய். அதற்குப் பிறகு அவர் இருந்த நாலு வருஷமும் நீ அவரோடு பேசியது, காசு வேண்டும், காசு வேண்டாம் என்ற அளவுக்குத்தான். நான் அப்போது கையில் குழம்புக் கரண்டியோடு நின்றிருந்தேன். அவருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது என்று எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. பேர் ஏறவில்லை என்று புதுச்சேரியிலிருந்து வந்து கூழ் குடித்தாரே, அன்றைக்கே தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார். உன்னை அந்த ஓட்டத்திலிருந்து நிறுத்த வேண்டும், என்னையும் காட்டிக் கொடுக்கக் கூடாது, அதற்கு அவருக்குத் தெரிந்த வழி தன் தலையில் போட்டுக்கொள்வதுதான். நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் என்னைப் பார்க்காமலே, "இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கிற? பையனுக்கு நாளைக்கு ஜல்தியா சோறு கட்டிக் குடு. இனிமே ஒழுங்கா வேலைக்கு போவான்" என்றார். மறுநாள் நீ வேலைக்குப் போனாய். நானும் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

அவர் எனக்காக உன் மரியாதையை விட்டுக் கொடுத்தார். நான் அவர் போன பிறகும் அதைத் திருப்பி வாங்கித் தரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சிரிக்கவும் செய்தேன். இதற்கு மேல் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது, கண்ணு. நீ என்னைத் திட்டி எழுது. எழுதாமல் இருந்தாலும் இரு. வந்து வாசலில் நின்று கத்தினாலும் சரி, டீச்சரம்மா கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். இந்த மாதக் கடைசியில் பெண் வீட்டார் பத்திரிகை வைக்க வரும்போது, அவர்கள் முன்னாலும் இதை நானே சொல்லப் போகிறேன். சொல்ல வேண்டாம் என்று நீ தடுத்தாலும் கேட்க மாட்டேன். அவர்களும் எல்லையில் வாழ்ந்தவர்கள்தான், புரிந்துகொள்வார்கள். புரியவில்லை என்றாலும் உனக்குப் பெண் கொடுக்காமல் விட மாட்டார்கள், ஜெயந்தி உன்னைப் பார்க்கிற பார்வையை நான் பார்த்தேன்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அங்கே உனக்குப் பிள்ளை பிறக்கும். அது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கும். ஒரு நாள் உன்னைக் கேட்கும், தாத்தா ஏன் நம்மை முதலிலேயே இங்கே கூட்டி வரவில்லை என்று. அப்போது சிரிப்பதற்காக எதையாவது சொல்லிவிடாதே. கையெழுத்துப் போட்டது தாத்தா, கொடுக்காதது பாட்டி என்று சொல்.

உன் அம்மா